ஜிபிஸில் ஒரே ஒருத்தர் விலை போட்ட கொட்டேஷன்: அறிவிப்பு வெறும் சடங்கா?

தேக்கா_அச்சகம்
வணக்கம் எல்லாருக்கும். அச்சு வேலை, பேனர், பள்ளி விழா மலர் மாதிரி வேலைகளுக்கு சிங்கப்பூர் அரசாங்கத்தோட இணையக் கொள்முதல் தளமான ஜிபிஸ்ல வர்ற அறிவிப்புகளைக் கொஞ்ச காலமா பார்த்துட்டு வர்றேன். மூணு விஷயம் உறுத்துது. ஒண்ணு, ஒரு வாரத்துக்குள்ள மூடிடுது. ரெண்டு, தேவைப் பட்டியல்ல ஒரு குறிப்பிட்ட பிராண்டு மிஷின்ல அடிச்சதா இருக்கணும்னு எழுதியிருக்கு. மூணு, மூடின பிறகு பார்த்தா ஒரே ஒரு கம்பெனிதான் விலை போட்டிருக்கு, அதுக்கே கொடுத்தும் ஆச்சு. முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு ஊருக்காக அறிவிப்புப் போடுறாங்களா? விதிமுறை என்னதான் சொல்லுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொள்முதல்காரன்
மூன்றும் வேறு வேறு பிரச்சினை. முதலில் படிநிலை.

சில ஆயிரம் வெள்ளிக்குள் அடங்கும் சிறு கொள்முதலுக்கு அறிவிப்பே தேவையில்லை. அதிகாரி நேரடியாகக் கடையில் வாங்கலாம். அதற்கு மேல் போனால் கொட்டேஷன், அதாவது நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்பது. 90,000 வெள்ளிக்கு மேல் போனால் டெண்டர், அதாவது நம் செய்தித்தாள் சொல்லும் ஏலக்குத்தகை. இந்த வரம்புகளை நிதி அமைச்சு அவ்வப்போது உயர்த்துவது உண்டு, அதனால் பழைய பதிவுகளில் 3,000, 5,000, 70,000 என்றெல்லாம் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். 1 மில்லியன் வரையிலான டெண்டர்களுக்கு ஒப்பந்த நிபந்தனைகளைக் குறைத்து 'டெண்டர் லைட்' என்று ஒரு வகையும் இருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு அது நல்ல நுழைவாயில்.

இந்த மதிப்பு எப்படிக் கணக்காகிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓர் ஆண்டுச் செலவை வைத்து அல்ல, ஒப்பந்தக் காலம் முழுவதும், நீட்டிப்புத் தெரிவு இருந்தால் அதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். ஆண்டுக்கு 40,000 வெள்ளி வேலை, 2 ஆண்டு, மேலும் 1 ஆண்டு நீட்டிக்கலாம் என்றால் அது 120,000. அதாவது டெண்டர். அதை மூன்று 40,000 கொட்டேஷனாக உடைப்பது விதிமீறல். தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் தேடிப் பார்க்கும் முதல் விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஜூரோங்_ஈஸ்ட்_ரவி
நாள் கணக்கைச் சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணே. தம்பி கேட்டது அதுதான்.

கொள்முதல்காரன்
வருகிறேன். அதற்கு இரண்டு தளம் உண்டு.

சிங்கப்பூர் 1997 அக்டோபரிலேயே உலக வர்த்தக நிறுவனத்தின் அரசாங்கக் கொள்முதல் உடன்பாட்டில் சேர்ந்துவிட்டது. அந்த உடன்பாட்டுக்குள் வரும் டெண்டர் என்றால் அடிப்படை 40 நாள். அறிவிப்பை மின்னியல் முறையில் வெளியிட்டால் 5 நாள் குறையும், ஆவணங்களை முதல் நாளிலிருந்தே மின்னியல் முறையில் கொடுத்தால் இன்னொரு 5, விலையை மின்னியல் முறையில் வாங்கினால் இன்னொரு 5. ஜிபிஸில் மூன்றும் நடப்பதால் 25 நாள். சந்தையில் எல்லாருக்கும் விற்கப்படும் சாதாரணப் பொருளோ சேவையோ என்றால் 13 நாளுக்கும், விலையும் மின்னியல் முறையில் என்றால் 10 நாளுக்கும் இறங்கலாம். நியாயமான அவசரம் இருந்தாலும் 10 நாள்தான் தரை.

உடன்பாட்டுக்குள் வராதவற்றுக்கு நிதி அமைச்சின் உள் விதிமுறைகள் பொருந்தும். கொட்டேஷன் வேலை நாள் கணக்கில் ஓடும். அதனால்தான் ஒரு வாரத்தில் மூடுவது தெரிகிறது. 30,000 வெள்ளி அச்சு வேலைக்கு 7 வேலை நாள் என்பதில் விதிமீறல் எதுவும் இல்லை.

தேக்கா_அச்சகம்
எது உடன்பாட்டுக்குள்ள வரும்னு எப்படித் தெரியும்?

ஜூரோங்_ஈஸ்ட்_ரவி
வரம்பு வெள்ளியில இல்ல, எஸ்டிஆர்ங்கிற பன்னாட்டு நிதிய அலகுல இருக்கு. அமைச்சுகளுக்குப் பொருள், சேவை ரெண்டுக்கும் 130,000 எஸ்டிஆர். நம்ம காசுக்கு 200,000 வெள்ளிக்குச் சற்று மேல வரும், நாணய மாற்றுக்கு ஏற்ப மாறும். பட்டியல்ல உள்ள ஆணைபெற்ற கழகங்களுக்கு, அதாவது தனிச் சட்டத்தால அமைச்ச அரசாங்க அமைப்புகளுக்கு, 400,000 எஸ்டிஆர். கட்டுமானம்னா எல்லாருக்கும் 5 மில்லியன் எஸ்டிஆர். பொருள்கள் பொதுவா எல்லாமே உள்ளே, ஆனா சேவையில பட்டியல்ல பேர் இருக்கறது மட்டும்தான். நம்ம மாதிரி ஆளுங்க போடற வேலைல முக்கால்வாசி இந்தக் கோட்டுக்குக் கீழேதான், அதனால 25 நாள் எதிர்பார்க்காதீங்க.

பாசிர்ரிஸ்_குமார்
25 நாள் கொடுத்தாலும் நாம கடைசி நாள் மத்தியானம்தானே திறந்து பார்ப்போம் 😄

புக்கிட்_பாஞ்சாங்_அக்கா
தம்பி, ஒரே விலை விவகாரத்துக்கு நான் வர்றேன். ஒரே ஒருத்தர் விலை போட்டார் என்பதற்காக அந்தக் கொள்முதல் செல்லாமல் போகாது. ஆனால் 2012-க்குப் பிறகு அது சும்மாவும் போகாது. அந்த வருஷம் தேசியப் பூங்காக் கழகம் 26 மடக்கு சைக்கிள்களை 57,200 வெள்ளிக்கு வாங்கியது, விலை வந்தது ஒரே இடத்திலிருந்து. ஒரு சைக்கிள் 2,200 வெள்ளி. இணையத்தில் ஊரே கேள்வி கேட்டது, விசாரணை நடந்தது, சம்பந்தப்பட்ட அதிகாரி கணக்காய்வாளர்களிடம் பொய் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார். அதற்குப் பிறகு ஒற்றை விலை வந்தால், ஏன் ஒன்றுதான் வந்தது, அந்த விலை சந்தை விலைக்கு ஒத்து வருகிறதா என்று அங்கீகரிக்கும் அதிகாரி பார்த்துப் பதிவு செய்தாக வேண்டும்.

ஏன் ஒன்றுதான் வருகிறது என்பதற்கு, கள்ளத்தனத்தைவிடச் சோம்பேறித்தனமான காரணங்களே அதிகம். பழைய தேவைப் பட்டியலை அப்படியே ஒட்டுவது ஒரு காரணம், போன முறை எடுத்தவரின் பொருளுக்குத்தான் அது பொருந்தும். கட்டாய நேரடி விளக்கக் கூட்டம் இன்னொன்று. அறிவிப்பு வெளியான மூன்றாம் நாள் காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்து, வராதவர் விலை போட முடியாது என்று எழுதினால் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். பிறகு வகைப்பாடு. அச்சு வேலையை 'நிகழ்ச்சி ஏற்பாடு' வகையில் போட்டால், அச்சு வகைக்கு மட்டும் எச்சரிக்கை வைத்திருக்கும் உங்களுக்கு மின்னஞ்சலே வராது. ஆகவே உங்கள் வகையோடு, அதைச் சுற்றியுள்ள மூன்று நான்கு வகைகளுக்கும் எச்சரிக்கை போட்டு வையுங்கள். தேடும் பெட்டியில் 'பேனர்', 'புத்தக அச்சு' போன்ற சொற்களின் ஆங்கில வடிவத்தை வாரம் இரண்டு முறை போட்டுப் பார்ப்பதும் நல்லது.

செங்காங்_வேலு
எல்லாம் சரி அக்கா. பிராண்டு பேரைப் போடுறது? அது சோம்பேறித்தனமா? 'இந்த பிராண்டுதான் வேணும்'னு எழுதிட்டா மத்தவன் எதுக்கு?

புக்கிட்_பாஞ்சாங்_அக்கா
சில நேரம் ஒருத்தருக்கு வசதியாக எழுதியதாகவும் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வாய்மூடி ஏற்க வேண்டியதில்லை. உடன்பாட்டின் 10-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது: வணிகப் பெயர், காப்புரிமை, குறிப்பிட்ட தயாரிப்பாளர் ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தேவை எழுதக் கூடாது. வேறு வழியில் விவரிக்கவே முடியாவிட்டால் மட்டும் எழுதலாம், அப்போதும் 'அல்லது அதற்கு இணையானது' என்று சேர்க்க வேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ள கொள்முதலுக்கு அந்த உடன்பாடு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், திறந்த போட்டி, நியாயம், வெளிப்படைத்தன்மை, பணத்துக்கேற்ற பயன் என்ற கொள்கைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியது விளக்கம் கேட்பது. ஆவணத்தில் விளக்கம் கேட்கக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், மூடும் தேதிக்குப் பல நாள் முன்பே அது முடிந்துவிடும். எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் கேட்டதற்குத் தடயம் கிடையாது. புகார் தொனி வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"பிரிவு 4.2-இல் இன்ன பிராண்டு அச்சு இயந்திரம் கேட்கப்பட்டுள்ளது. அதே நுணுக்கம், அதே வண்ணத் துல்லியம், ஏ3 அளவு வரை அச்சிடும் வேறு இயந்திரத்தில் தயாரித்த மாதிரிப் பிரதியை இணைத்தால் ஏற்கப்படுமா? ஏற்கப்படாதெனில் எந்தச் செயல்திறன் தேவை அதனால் நிறைவேறாமல் போகிறது என்று தெரிவிக்க வேண்டுகிறோம்."

இரண்டாவது வாக்கியம்தான் வேலை செய்யும். 'முடியாது' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல அது இடம் விடாது. கேள்வி நியாயமானது என்றால் திருத்த அறிவிப்பு வரும், ஜிபிஸில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். கேட்டது யார் என்று போட மாட்டார்கள். திருத்தம் பெரிசு என்றால் மூடும் தேதியையும் தள்ளி வைப்பார்கள்.

செங்காங்_வேலு
கேட்டா அடுத்த முறை நம்ம பேரைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுட மாட்டாங்களா?

கொள்முதல்காரன்
இந்தப் பயம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது, அடிப்படை இல்லாத பயம். ஒரு நிறுவனத்தை அரசாங்க வேலையிலிருந்து விலக்கி வைப்பதைத் தனிப்பட்ட அதிகாரி செய்ய முடியாது. நிதி அமைச்சின் கீழ் அதற்கென நிலைக்குழு இருக்கிறது, காரணங்களும் வரையறுக்கப்பட்டவை: பொய்த் தகவல், லஞ்சம், ஒப்பந்தத்தைக் கைவிடுதல் இப்படி. விளக்கம் கேட்டது அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இருக்கும் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. மூடிய பிறகு, வேலை ஒப்படைக்கப்படும் முன் விலையை மீட்டுக்கொள்வதும் விலக்கி வைக்கக் காரணம் ஆகலாம். 'கணக்குத் தப்பாப் போட்டுட்டோம், வேணாம்' என்று மின்னஞ்சல் அனுப்புவது ஓட்டலில் ஆர்டரை ரத்து செய்வது போல அல்ல. ஆவணத்தில் விலை 90 நாள் அல்லது 120 நாள் செல்லும் என்று எழுதியிருந்தால், காகித விலை ஏறினாலும் அந்த நாள் வரை நீங்கள் கட்டுப்பட்டவர். அச்சுத் தொழிலில் இதைக் கணக்கில் சேர்க்காமல் விலை போடுவது ஆபத்து. விலக்கி வைத்தால் இயக்குநர்களையும் அவர்கள் நடத்தும் மற்ற நிறுவனங்களையும் சேர்த்துப் பாதிக்கும். புதிதாக ஒரு பேரில் கம்பெனி பதிவு செய்து தப்பலாம் என்ற யோசனை வேலைக்கு ஆகாது.

பாசிர்ரிஸ்_குமார்
நிராகரிக்கப்படுறதுக்கு அடிக்கடி என்ன காரணம்னு யாராவது எழுதுங்களேன். விலையால தோக்கறது ஒரு கணக்கு, பேப்பரால தோக்கறதுதான் எரிச்சல்.

ஜூரோங்_ஈஸ்ட்_ரவி
பேப்பரால தோக்கறதுதான் அதிகம் ப்ரோ. ஆவணத்துல 'முக்கியத் தகுதி'ன்னு ஒரு பகுதி இருக்கும். அது மார்க் போடுற பகுதி இல்ல, ஆம் அல்லது இல்லை. ஒண்ணு 'இல்லை'ன்னா விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் பார்க்க மாட்டாங்க. அதனால விலை போட உக்காரறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத்தான் படிக்கணும்.

அடிக்கடி மாட்டறது சம்பள முத்திரை. 2023 மார்ச் 1 முதல், குறைந்த சம்பள ஊழியர்களுக்கான படிப்படியாக உயரும் சம்பள முறைக்குள்ள வர்ற கம்பெனிக்கு அந்த முத்திரை இல்லாம அரசாங்க வேலை கிடைக்காது. துப்புரவு, பாதுகாவல் கம்பெனிக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிறாங்க. வெளிநாட்டு ஊழியர் வெச்சிருக்கிற கம்பெனில உள்ளூர் நிர்வாக உதவியாளரோ ஓட்டுநரோ இருந்தாலே அந்த முறை பொருந்தும். அச்சகம்னாலும் டெலிவரி வேன் ஓட்ட ஆள் இருப்பாரே! துப்புரவுன்னா தேசியச் சுற்றுப்புற வாரிய உரிமம் வேற, 2024 ஜனவரியிலிருந்து 1, 2, 3-ன்னு வகுப்பு பிரிச்சாச்சு. முதல் வகுப்புக்குச் செலுத்தப்பட்ட மூலதனம் 250,000 வெள்ளி, ரெண்டாவதுக்கு 25,000. கட்டுமானம்னா கட்டட, கட்டுமான ஆணையத்தின் பதிவுத் தலைப்பும் (எந்த வகை வேலைங்கிறது) தரமும் பொருந்தணும். ஏ1 தரத்துக்கு மட்டும்தான் உச்சவரம்பு இல்ல, கீழே இறங்க இறங்க ஒவ்வொரு தரத்துக்கும் இத்தனை வெள்ளி வேலை வரைதான்னு இருக்கு.

விலைப் பட்டியல்ல ஒரு வரியைக் காலியா விடாதீங்க. இலவசமாச் செய்யறீங்கன்னா 0 போட்டு, குறிப்புல 'மொத்தத்தில் அடங்கும்'னு எழுதுங்க. காலியா விட்டா அந்த வேலையைச் செய்ய மாட்டீங்கன்னு எடுத்துக்க இடமிருக்கு. ஜிபிஸ்ல விலை ஜிஎஸ்டி இல்லாம போடணும். 9 விழுக்காட்டைச் சேர்த்துப் போட்டீங்கன்னா மத்தவங்களைவிட நீங்களே உங்களை விலை ஏத்திக்கிட்ட மாதிரி.

அப்புறம், ஜிபிஸ்ல விலை போடற மின்னியல் பெட்டி சொன்ன நேரத்துல தானா மூடிடும். மாலை 4 மணின்னு இருந்தா 4 மணி, கெஞ்சினாலும் திறக்காது. கம்பெனிகள் அரசாங்க இணையச் சேவைக்குள்ள நுழையற கார்ப்பாஸ் கணக்குல ஜிபிஸ் சேவைக்கு உங்க பேருக்கு அனுமதி குடுத்திருக்காங்களான்னு முதல் நாளே பாருங்க. ஆவணத்தைத் தயார் பண்ண ஆளுக்கு அனுமதி இருக்கும், சமர்ப்பிக்க வேண்டிய முதலாளிக்கு இருக்காது. இது கடைசி அரை மணி நேரத்துலதான் தெரிய வரும்.

புக்கிட்_பாஞ்சாங்_அக்கா
ரவி சொன்னதோடு ஒன்று: திருத்த அறிவிப்பு வந்த பிறகு பழைய விலைப் படிவத்தை ஏற்றிவிடுவது. ஆவணத்தைச் சீக்கிரமாகப் பதிவிறக்கி வேலையை முடிப்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். சமர்ப்பிக்கும் அன்று திருத்தப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள்.

தேக்கா_அச்சகம்
ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம். விலை குறைவா போட்டவருக்குத்தான் கிடைக்கும்னு சொல்றாங்க. சில முடிவுகளைப் பார்த்தா ரெண்டாவது, மூணாவது விலைக்குக் குடுத்திருக்காங்க. எப்படி?

கொள்முதல்காரன்
விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்கும் முறை. எடை எவ்வளவு என்று ஆவணத்திலேயே பாருங்கள். ஓர் உதாரணக் கணக்கு.

'அ' 48,000 வெள்ளி, தரம் 100-க்கு 70. 'ஆ' 54,000 வெள்ளி, தரம் 85. விலைக்கு 60, தரத்துக்கு 40 என்றால், மிகக் குறைந்த விலைக்கு முழு 60. மற்றவருக்கு 48,000 வகுத்தல் 54,000 பெருக்கல் 60, அதாவது 53.33. தரத்தில் 'அ' 28, 'ஆ' 34. மொத்தம் 'அ' 88.00, 'ஆ' 87.33. மயிரிழையில் 'அ'.

அதே ஆட்கள், அதே விலை, எடை மட்டும் 50:50 என்றால் 'அ' 50 + 35 = 85. 'ஆ' 44.44 + 42.5 = 86.94. இப்போது 6,000 வெள்ளி அதிகம் கேட்ட 'ஆ' ஜெயிக்கிறார்.

ஆக, 60:40 ஆவணத்தில் 500 வெள்ளி குறைக்க மூன்று நாள் மண்டையை உடைப்பதைவிட, தரப் பகுதியில் கேட்டதை ஒவ்வொன்றாக ஆதாரத்தோடு கொடுப்பது லாபம். 54,000-இல் 500 குறைத்தால் அரை மதிப்பெண்தான் ஏறும், தரத்தில் 5 ஏறினால் 2 மதிப்பெண். ஆட்கள் விவரம், முந்தைய வேலைப் பட்டியல், கால அட்டவணை, கெட்டுப்போன பிரதிக்கு மாற்று எத்தனை நாளில் என்பது. இவற்றை 'வழங்கப்படும்' என்று ஒரே சொல்லில் முடிப்பவருக்கு மதிப்பெண் வராது.

நார்த்_பிரிட்ஜ்_ரோடு
ஒரு யோசனை. ஒற்றை விலைன்னா கேள்வி வருதுன்னா, தெரிஞ்ச இன்னொரு கம்பெனியைக் கூடக் கொஞ்சம் அதிக விலை போடச் சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதிதானே?

புக்கிட்_பாஞ்சாங்_அக்கா
ஐயா, இதை எழுதினதே தப்பு, செஞ்சா பெரிய தப்பு. போட்டிச் சட்டம் 34-வது பிரிவில் இது நேரடியாக வரும். அபராதம், சிங்கப்பூர் வருமானத்தில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 3 ஆண்டுக்கு. மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு, அந்த வேலையின் லாபத்தில் அல்ல. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த முதல் முடிவே 2008-இல் பூச்சி ஒழிப்பு நிறுவனங்கள் கூட்டாக விலை பேசி வைத்ததைப் பற்றியதுதான். அவை பெரிய நிறுவனங்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பணம் கை மாறினால் லஞ்ச ஒழிப்புச் சட்டமும் சேரும். அரசாங்க ஒப்பந்தம் சம்பந்தப்பட்டது என்றால் 7-வது பிரிவின்படி அதிகபட்சச் சிறை 5 ஆண்டிலிருந்து 7 ஆண்டாகிறது. 'நீ விலகிக்கோ, நான் பார்த்துக்கறேன்' என்று போட்டியாளருக்குக் காசு கொடுப்பதற்கென்றே 10-வது பிரிவு தனியாக இருக்கிறது.

ஜூரோங்_ஈஸ்ட்_ரவி
கண்டுபிடிக்கிறதும் கஷ்டமில்ல. ரெண்டு கம்பெனி ஆவணத்துல அதே எழுத்துப்பிழை, கோப்பை உருவாக்கினவர் பேர் ஒண்ணு, எல்லா வரியும் சரியா 8 விழுக்காடு அதிகம். பார்த்தவுடனே தெரியும்.

நேர்மையான வழி இருக்கு. உங்களால தனியா முடியாதுன்னா ஒருத்தர் முதன்மை ஒப்பந்தக்காரர், இன்னொருத்தர் துணை ஒப்பந்தக்காரர்னு ஒரே விலையா, ஆவணத்துல வெளிப்படையா எழுதிப் போடுங்க. அதை யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க.

நார்த்_பிரிட்ஜ்_ரோடு
சரி சரி, யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன்.

செங்காங்_வேலு
தோத்த பிறகு என்ன செய்யலாம்? காரணம் சொல்ல அவங்க கடமைப்பட்டவங்களா?

கொள்முதல்காரன்
யாருக்கு, எவ்வளவுக்கு என்பது ஜிபிஸில் வெளியாகும். மூடியதும் யார் யார் என்ன விலை போட்டார்கள் என்பதும் தெரியும். உடன்பாட்டுக்குள் வருவது என்றால், ஒப்படைத்த 72 நாளுக்குள் முடிவை வெளியிட வேண்டும். கேட்டால், உங்களை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை, வென்றவரின் சாதகம் என்ன என்றும் சொல்ல வேண்டும். மற்றவரின் வணிக ரகசியத்தைத் தர மாட்டார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தாலும் மரியாதையாக எழுதிக் கேட்டுப் பாருங்கள், 'எந்தத் தகுதியில் எங்கள் மதிப்பெண் குறைந்தது' என்று குறிப்பாக.

விதிமீறல் என்றே நினைத்தால், 1997 அரசாங்கக் கொள்முதல் சட்டத்தின்கீழ் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. உடன்பாடுகளுக்குள் வரும் கொள்முதலுக்கு மட்டும்தான் அங்கே போகலாம். கால அவகாசம் 15 நாள்தான், அதுவும் குற்றச்சாட்டுக்கு அடிப்படையான சம்பவம் நடந்த தேதியிலிருந்து. தேவைப் பட்டியல் ஒருதலைப்பட்சம் என்பது உங்கள் வாதமானால், முடிவு வரும்வரை காத்திருந்து பிறகு போனால் நாள் கடந்திருக்கும். அக்கா மேலே சொன்ன விளக்கக் கேள்வியை முதல் வாரமே கேட்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாசிர்ரிஸ்_குமார்
நகர மன்ற வேலையும் இதே விதிமுறையா? புளோக் பெயின்ட், லிஃப்ட் எல்லாம்?

புக்கிட்_பாஞ்சாங்_அக்கா
இல்லை. நகர மன்றங்களுக்குத் தனிச் சட்டம், தனி நிதி விதிமுறைகள். டெண்டர் விட வேண்டும் என்பது அங்கேயும் உண்டு, ஆனால் அறிவிப்பை ஜிபிஸில் தேடாதீர்கள், அந்தந்த நகர மன்றத்தின் இணையப் பக்கத்தையும் நாளிதழ் விளம்பரத்தையும் பாருங்கள்.

தேக்கா_அச்சகம்
கடைசியா ஒண்ணு. நான் பார்த்து வெச்ச ஒரு கொட்டேஷன் 'ஒப்படைக்கப்படவில்லை'ன்னு மாறியிருக்கு. நாலு பேர் விலை போட்டிருந்தாங்க. அப்படின்னா?

ஜூரோங்_ஈஸ்ட்_ரவி
நாலு பேருமே முக்கியத் தகுதில விழுந்திருக்கலாம், இல்ல எல்லா விலையும் அவங்க பட்ஜெட்டைத் தாண்டியிருக்கலாம், இல்ல தேவையே மாறியிருக்கலாம். வேலை இன்னும் வேணும்னா திருத்தின பட்டியலோட மறுபடி அறிவிப்பாங்க. யாரும் தகுதி பெறலைன்னா, தேவையைப் பெரிசா மாத்தாம நேரடியா ஒருத்தர்கிட்ட பேசறதுக்கும் விதியில இடம் உண்டு. அந்த நாலு விலையையும் இப்பவே குறிச்சு வெச்சுக்குங்க தம்பி, அந்த எச்சரிக்கையையும் அணைக்காதீங்க. மறுபடி வந்தா பழைய ஆவணத்தையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, எந்த வரியை மாத்தியிருக்காங்களோ அங்கதான் போன தடவை எல்லாரும் விழுந்திருப்பாங்க.